விளையும் பயிர் முளையிலே தெரிவதில்லை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பயிரைப் பொறுத்தவரை அது எவ்வளவு மெய் என்பதை உழவர்கள் சொல்லட்டும். கருவைப் பொறுத்தவரை அது பொய் என்பதே நம் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் கருவியலுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது. நாம் இங்கே எதிர்க்க முனைவது ஒரு சொல்லாட்சியை. தமிழில் கருவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சூலுற்ற முட்டை என்ற ஒற்றைச் செல்லில் மனிதனின் முழு வரைபடமும் இருக்கிறது என்று தொடங்குவார்கள். அடுத்த பத்தியில் டி.என்.ஏ. தலையெழுத்தாகிவிடும். அதற்கடுத்த பத்தியில் பிரம்மாவே வந்துவிடுவார். ஒரு செல் நரம்பாகும், இன்னொன்று தோலாகும், ஒவ்வொன்றும் தன் விதியைத் தாங்கியே பிறக்கிறது என்று கட்டுரை முடியும். படிப்பவருக்கும் நிறைவு, எழுதியவருக்கும் நிறைவு. அறிவியலுக்கு மட்டும் அங்கே இடமில்லாமல் போகிறது.

ஒரு செல் இன்னதாக ஆவது முதல் நாளிலேயே எழுதப்பட்டிருப்பதில்லை; என்றென்றைக்கும் திறந்தே கிடப்பதும் இல்லை. அது ஒரு நிகழ்ச்சி. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, அக்கம்பக்கம் உண்டு. செல் முதலில் ஒரு பக்கம் சாய்கிறது. பிறகு அதிலேயே கட்டுண்டு போகிறது. சாய்வுக்கும் கட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்பது உண்மையாக இருக்கும் காலம் அது. கருவியலின் கடந்த நூற்று முப்பது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியைத் தேடிய வரலாறுதான். தலையெழுத்து என்று எழுதும் பேனா அந்த இடைவெளியைத்தான் அடித்துவிடுகிறது. அதனால் விளையும் கேடு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை என்பதைப் பின்னால் காட்டுவோம்.

*

1888-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ரூ ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டு செல்களாகப் பிளந்திருந்த தவளைக் கருவில் ஒரு செல்லைச் சூடேற்றிய ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய செல்லிலிருந்து அரைக் கருவே உருவாயிற்று. ஆகவே முதற் பிளவிலேயே வலப்பாதி, இடப்பாதி என்று சொத்து பிரிக்கப்பட்டுவிட்டது, ஒவ்வொரு செல்லும் தன் பங்கை எடுத்துக்கொண்டு தன் வழியே போகிறது என்று முடிவு கட்டினார். மரபுப் பொருள் ஒவ்வொரு பிளவிலும் பாகம் பிரிக்கப்படுகிறது என்ற ஆகஸ்ட் வைஸ்மனின் கொள்கைக்கு அது வலுச் சேர்த்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1891-இல், ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் இரு செல் கருவை எடுத்துக் குலுக்கிப் பிரித்தார். ரூ சொன்னது சரியென்றால் இரண்டு அரை உயிர்கள் வந்திருக்க வேண்டும். வந்தவை முழு இளவுயிர்கள். அளவில் மட்டுமே சிறியவை. பாதியாக வேண்டிய செல், பக்கத்தில் இணை இல்லையென்று அறிந்ததும் முழுமையாகிவிட்டது.

ரூவின் சோதனையில் எங்கே கோணல்? கொல்லப்பட்ட செல் அகற்றப்படவில்லை, ஒட்டிக்கொண்டே இருந்தது. உயிருள்ள செல்லுக்குத் தன் பக்கத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி போய்க்கொண்டிருந்தது. தவளையிலும் ஒரு செல்லை முற்றாக அகற்றிவிட்டால் மற்றது முழுக் கருவாக முடியும் என்பது பிறகு காட்டப்பட்டது. பிணத்தின் அருகாமைகூட ஒரு செல்லின் போக்கை மாற்றுகிறது என்றால், முன்பே எழுதப்பட்ட எழுத்து எங்கே இருக்கிறது?

டிரீஷும் இந்த இடத்தில் தடுமாறினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாதியை முழுதாக்கும் ஆற்றலை எந்த இயந்திரமும் பெற்றிருக்க முடியாது என்று எண்ணி, உயிருக்கென்று தனியொரு விசை உண்டென்ற முடிவுக்குப் போனார். ஆய்வுக்கூடத்தை விட்டு மெய்யியல் பேராசிரியரானார். ஒருவர் கருவை இயந்திரமாகக் கண்டார், மற்றவர் ஆவியாகக் கண்டார். இன்று நம் இதழ்களில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கட்சிகளும் இவ்விருவரின் வாரிசுகளே. வாரிசுகளுக்குத் தாத்தாக்களின் பெயர் தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு.

*

இடைவெளியை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர் ஹான்ஸ் ஷ்பேமான். நியூட் என்ற, பல்லியைப் போன்ற நீர்வாழ் உயிரின் கருவில், நரம்பாகப் போகும் பகுதியிலிருந்து ஒரு துணுக்கைக் கத்தரித்துத் தோலாகப் போகும் பகுதியில் ஒட்டினார். இளங்கருவின் செல்கள் உள்ளே மடிந்து அடுக்குகளாகப் பிரியும் கட்டத்தின் தொடக்கத்தில் இதைச் செய்தபோது, துணுக்கு போன இடத்துக்கேற்பத் தோலாயிற்று. அதே கட்டத்தின் முடிவில் செய்தபோது அது ஊரோடு ஒத்து வாழ மறுத்தது. தோலின் நடுவே நரம்பாகவே வளர்ந்தது. இந்த ஆய்வு 1918-இல் வெளிவந்தது. இரண்டு துணுக்குகளிலும் மரபணு ஒன்றே, கண்ணுக்குத் தெரிந்த தோற்றமும் ஏறத்தாழ ஒன்றே. நடுவில் கடந்த காலமே வேறுபாடு. அந்தக் காலத்துக்குள் ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது.

கதவைச் சாத்துவது யார்? அதற்கான விடையைத் தொட்டவர் ஷ்பேமானின் மாணவி ஹில்டே மாங்கோல்ட். செல்கள் உள்மடியத் தொடங்கும் வாயின் மேலுதட்டுப் பகுதியை, நிறம் வெளிறிய ஒரு நியூட் இனத்திலிருந்து எடுத்து, நிறமுள்ள வேறொரு நியூட் இனத்தின் கருவில் வயிற்றுப் பக்கம் பதித்தார். அங்கே இரண்டாவதாக ஒரு கரு, தண்டுவடத்தோடு எழுந்து நின்றது. நிறத்தைக் கொண்டு பார்த்தபோது அந்த இரண்டாம் கருவின் பெரும்பகுதி பதித்த துணுக்கால் ஆனதல்ல என்பது தெரிந்தது. விருந்தளித்த கருவின் செல்களே, வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டியவையே, புதிதாக வந்து சேர்ந்த அண்டைவீட்டாரின் பேச்சைக் கேட்டு நரம்பாகியிருந்தன. 1924-இல் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு சமையலறை அடுப்பு வெடித்த விபத்தில் ஹில்டே இறந்தார், வயது இருபத்தைந்து. 1935-இல் நோபெல் பரிசு ஷ்பேமானுக்கு மட்டும் கிடைத்தது.

அந்த அண்டைவீட்டார் என்ன பேசினார் என்பது விளங்க மேலும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. 1990-களில் நாகின், கார்டின் முதலிய புரதங்கள் கண்டறியப்பட்டன. கருவின் மேலடுக்குச் செல்களிடம் 'தோலாகு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் வேறொரு புரதத்தை இவை வழியிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. அந்தச் சொல் எட்டாத இடத்திலுள்ள செல்கள் நரம்பாகின்றன. இங்கே நரம்பாகு என்ற ஆணை தனியே எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு குரல் கேட்பதும் கேளாததுமே முடிவைச் செய்கிறது.

தவளையில் இந்தக் கதையை இன்னும் ஒரு படி பின்னால் கொண்டுபோகலாம். பேச்சைத் தொடங்கும் அந்த முதுகுப்பக்கம் எங்கே அமையும் என்பதைத் தீர்மானிப்பது விந்து நுழைந்த இடம். அது நுழைந்த புள்ளிக்கு ஏறத்தாழ எதிர்ப்புறமே முதுகாகிறது. எந்தப் பக்கத்தில் எந்த விந்து முட்டியது என்பதை எந்த மரபணு எழுதி வைத்திருந்தது?

*

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போவது நம் வழக்கமல்ல. எல்லா உயிர்களும் நியூட்டைப் போன்றவை அல்ல என்று அவர்கள் சொல்லலாம். உண்மைதான். கடலடிப் பாறைகளில் ஒட்டி வாழும் அசிடியன் என்ற உயிரின் முட்டையில் மஞ்சள் நிறப் பிறை ஒன்று தெரியும். எந்தச் செல்லுக்கு அந்த மஞ்சள் போய்ச் சேர்கிறதோ அதன் வழித்தோன்றல்கள் வாலின் தசையாகின்றன என்று எட்வின் காங்க்ளின் 1905-இல் வரைந்தே காட்டினார். அந்தப் பகுதியில் தாய் வைத்துவிட்டுப் போன ஓர் ஆர்.என்.ஏ. தசையாக்கும் பொருளாகச் செயல்படுகிறது என்பதை 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மாச்சோ-1 என்று அதற்குப் பெயர்.

அடுத்து, சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழு. அதன் கருவில் ஒவ்வொரு செல்லின் கொடிவழியையும் ஜான் சல்ஸ்டனும் அவர் குழுவினரும் 1983-இல் முழுமையாக எழுதி முடித்தார்கள். வளர்ந்த இருபால் புழுவில் உடற்செல்கள் 959. வளர்ச்சியின்போது 131 செல்கள் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் மடிகின்றன. புழுவுக்குப் புழு மாற்றமில்லை. தலையெழுத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்பார்கள்.

வேண்டும் என்கிறோம். அந்தப் புழுவின் குடல் முழுவதும் ஒரே ஒரு செல்லின் வழித்தோன்றல். நான்கு செல் கட்டத்தில் அதன் தாய்ச்செல்லைப் பக்கத்துச் செல்லின் தொடுகையிலிருந்து பிரித்துவிட்டால் குடலே உண்டாவதில்லை என்பதை பாப் கோல்ட்ஸ்டைன் 1992-இல் காட்டினார். உலகிலேயே மிகக் கண்டிப்பான கொடிவழி என்று நாம் வியக்கும் புழுவிலும், வெறும் நான்கு பேர் இருக்கும் வீட்டிலேயே, பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு புழுவிலும் அதே முடிவு வருவதற்குக் காரணம் ஒவ்வொரு புழுவிலும் அதே அண்டை அமைவதுதான். தினமும் ஒரே நேரத்துக்கு வந்து சேரும் ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது என்று யாரும் முடிவு செய்வதில்லையே.

அசிடியனுக்கும் பதில் உண்டு. அந்த மஞ்சள் பொருள் தன் இறுதி இடத்துக்கு நகர்ந்து குவிவது விந்து நுழைந்த பிறகே. அதோடு, தசையாகும் செல்லிலும் ஆகாத செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றுதான். யாருக்கு எந்தப் பங்கு போய்ச் சேர்ந்தது என்பதே வேறுபாடு. எழுத்து எல்லாரிடமும் ஒன்றாகவே இருக்கும்போது, வேறுபாட்டுக்கு எழுத்தைக் காரணம் சொல்வது எந்தத் தருக்கத்தில் சேர்த்தி?

*

இனி நம் இனமான பாலூட்டிகளுக்கு வருவோம். 1959-இல் போலந்து அறிஞர் ஆந்த்ரே தார்கோவ்ஸ்கி, இரு செல் சுண்டெலிக் கருவில் ஒரு செல்லை அழித்துவிட்டு மற்றதைத் தாயின் கருப்பைக்குள் வைத்தார். முழுச் சுண்டெலி பிறந்தது. 1961-இல் இரண்டு கருக்களை ஒன்றாக ஒட்டினார். நான்கு பெற்றோருக்குப் பிறந்த ஒரே சுண்டெலி உருவாயிற்று. ஒன்றை இரண்டாக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம் என்றால் தலையெழுத்தை எந்தத் தலையில் எழுதுவது? மனிதரில் ஆயிரம் பிரசவங்களில் மூன்று அல்லது நான்கில் இதையே இயற்கை செய்து காட்டுகிறது. ஒரே கரு பிரிந்து இரட்டையராகும் அந்தப் பிரிவு பெரும்பாலும் முதல் சில நாட்களில் நடக்கிறது. இரண்டாம் வார முடிவை நெருங்கும்போது அந்த வாசல் அடைபடுகிறது.

பாலூட்டிக் கருவின் முதற்பெரும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? பதினாறு, முப்பத்திரண்டு செல்களாக இருக்கும்போது சில செல்கள் பந்தின் வெளிப்புறத்திலும் சில உட்புறத்திலும் அமைகின்றன. வெளியே இருப்பவற்றுக்கு ஒரு முகம் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பவை எல்லாப் பக்கமும் பிறரால் சூழப்பட்டிருக்கின்றன. இந்த இட வேறுபாட்டைச் செல் உணர்கிறது. வெளிச்செல்லில் யாப் என்ற புரதம் (நம் யாப்புக்கும் இதற்கும் உறவில்லை) கருவகத்துக்குள் நுழைந்து, நஞ்சுக்கொடியை நோக்கிய பாதையைத் திறக்கிறது. உட்செல்லில் அதே புரதம் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. அந்தச் செல் குழந்தையின் உடலைக் கட்டும் பக்கம் சாய்கிறது. தெருவில் வீடு எங்கே என்பதைக் கொண்டு தொழில் அமைகிறது. ஆனால் தொடக்கத்தில் வீட்டை மாற்றினால் தொழிலும் மாறும். சற்றுப் பிந்தினால் மாறாது. இதுவே நாம் சொன்ன இடைவெளி.

மனிதக் கருவின் முதல் இரண்டு செல்களும் உடலுக்குச் சமமாகப் பங்களிப்பதில்லை, உடலைக் கட்டும் செல்கள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றின் வழியே வருகின்றன என்று 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதைக் கண்டதும் தலையெழுத்துக் கட்சியினர் கொடியேற்றக்கூடும். பொறுங்கள். சாய்வு வேறு, கட்டு வேறு. பந்தயத்தில் ஒரு குதிரை சற்று முந்தி நிற்கிறது என்பதும், பந்தயம் முடிந்துவிட்டது என்பதும் ஒன்றாகா. இந்த இரண்டு சொற்களையும் பிரித்தறியாமல் கருவைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

தற்செயலுக்கும் இங்கே இடமுண்டு. மூன்று நிறப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாக அமைந்த பெண்பூனை அது. பெண் கருவின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஆரம்ப நாட்களிலேயே அடைக்கப்படுகிறது; எது என்பது தற்செயல் என்று 1961-இல் மேரி லயன் முன்வைத்தார். ஒருமுறை அடைத்தபின் அந்தச் செல்லின் சந்ததி முழுவதும் அதையே பின்பற்றும். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் முதல் நகல் பூனை பிறந்தது. ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் டி.என்.ஏ.வை அப்படியே கொண்டு பிறந்த அந்தக் குட்டிக்குச் செம்மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை. முன்பே எழுதப்படாதது, எடுத்த பின் மாறாதது. இரண்டும் ஒரே உடலில், ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. தலையெழுத்து என்ற சொல்லால் இதை விளக்கிக் காட்டட்டும், பார்ப்போம்.

*

இவ்வளவு சொன்னதால் நாம் மறுகட்சியில் சேர்ந்துவிட்டோம் என்று யாரும் மகிழ வேண்டாம். செல் எதுவாகவும் ஆகும், எப்போது வேண்டுமானாலும் ஆகும் என்று முழங்கும் கட்சி அது. ஸ்டெம் செல் என்ற சொல்லை மந்திரம்போல் உச்சரித்து, தீராத நோய்களுக்கெல்லாம் ஊசி போடும் வியாபாரத்துக்கு இந்தக் கட்சியே கொள்கைப் பிரசாரம் செய்கிறது.

அவர்கள் எடுத்துக்காட்டும் பெயர்கள் இரண்டு. 1962-இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடற்செல்லிலிருந்து கருவகத்தை எடுத்து, கருவகம் செயலிழந்த தவளை முட்டையில் வைத்துப் புதிய தலைப்பிரட்டையை உண்டாக்கினார். 2006-இல் ஷின்யா யமனாகா நான்கே நான்கு மரபணுக்களைக் கொண்டு சுண்டெலியின் முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார். 2012-இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆக, சாத்திய கதவைத் திறக்க முடியும், நாம் மறுக்கவில்லை. ஆனால் எப்படித் திறந்தது? கர்டனின் முட்டைகளில் மிகச் சிலவே தேறின. டாலி என்ற ஆடு 1996-இல் பிறந்தபோது அதற்குப் பின்னால் 277 முட்டைகளின் முயற்சி இருந்தது. யமனாகாவின் தட்டிலும் மிகச் சிறு பங்குச் செல்களே திரும்பின. கதவு உண்மையிலேயே சாத்தப்பட்டிருந்ததால்தான் அதைத் திறந்தவர்களுக்குப் பரிசு. திறந்தே கிடக்கும் கதவைத் தள்ளியவருக்கு எந்த ஊரில் பரிசு தருகிறார்கள்?

செல் தன் முடிவை விட்டுக்கொடுக்காமல் காப்பது ஒரு குறையுமல்ல. ஈரல் நாளைக்கும் ஈரலாகவே இருக்கும் என்ற உறுதியில்தான் நாம் உறங்கப் போகிறோம். அந்த உறுதி குலைவதும் புற்றுநோய்க்கான பாதைகளில் ஒன்று. யமனாகா பயன்படுத்திய நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு நெருங்கிய தொடர்புடைய மரபணு என்பதை ஊசி விற்பவர்கள் சொல்வதில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட சில இரத்த நோய்களைத் தவிரப் பிறவற்றுக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது, ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுவதையும் அவர்கள் சொல்வதில்லை.

இரண்டு கட்சிகளும் கூசாமல் பயன்படுத்தும் ஒரு படம் உண்டு. 1957-இல் கான்ராட் வாடிங்டன் தம் நூலில் தந்த மலைச்சரிவு. மேலிருந்து ஒரு பந்து உருண்டு வருகிறது. பள்ளத்தாக்குகள் கிளை பிரிகின்றன. பந்து ஏதோ ஒரு பள்ளத்தில் போய் நிற்கிறது. எல்லாரும் இந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதே நூலில் அந்தச் சரிவை அடியிலிருந்து காட்டும் இன்னொரு படம் இருக்கிறது. சரிவு என்பது கூடாரத் துணி, கீழே முளைகள், முளைகளிலிருந்து எண்ணற்ற கயிறுகள் துணியை இழுத்துப் பிடிக்கின்றன. முளைகளே மரபணுக்கள். ஒரு கயிறும் தனியாக ஒரு பள்ளத்தை உண்டாக்குவதில்லை; எல்லாக் கயிறுகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பே பள்ளம். இந்த இரண்டாம் படத்தை அச்சிட்டிருந்தால் தலையெழுத்துக் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது.

*

சொல் ஒன்று பிசகினால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று கேட்பவர்களுக்கு இனிச் சொல்கிறோம்.

1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறுகிய கைகால்களோடு பிறந்தார்கள். கருவுற்ற ஏறத்தாழ இருபதாம் நாளுக்கும் முப்பத்தாறாம் நாளுக்கும் இடையே தாய் அதை உட்கொண்டிருந்தாள். தொடக்க நாட்களில் எடுத்திருந்தால் காது, சற்றுப் பிந்தினால் கை, அதற்கும் பிந்தினால் கால். ஒரே மருந்து, வேறு நாள், வேறு சேதம். அந்த மருந்து செரிப்லான் என்ற புரதத்தைப் பிடிக்கிறது என்று 2010-இலும், அதன் வழியே சால்-4 என்ற புரதத்தை அழித்துவிடுகிறது என்று 2018-இலும் தெரியவந்தது. அந்த சால்-4-இன் மரபணுவில் பழுது உள்ள குழந்தைகளும் அதையொத்த கைக்குறையோடு பிறக்கிறார்கள். மரபணுவா, சூழலா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேர்கின்றன.

கருவின் நரம்புக்குழல் மூடுவது ஏறத்தாழ இருபத்தெட்டாம் நாளுக்குள். பல பெண்களுக்குக் கருவுற்ற செய்தியே தெரிந்திராத நாட்கள் அவை. முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு, கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்துச் செய்த பன்னாட்டு ஆய்வு 1991-இல் பிரிட்டனிலிருந்து வெளியானது. குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. தலையெழுத்து என்று கைகட்டி நின்றிருந்தால் அந்த மாத்திரையை யார் கொடுத்திருப்பார்கள்?

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால் கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று தாயைக் கேட்கும் வழக்கம் இன்னும் மடியவில்லை. உதடு உருவாகிக் கூடுவது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே. ஆறாம் மாதத்துக் கிரகணம் அதை எப்படிப் பிளக்கும்? அவள் மீதுள்ள குற்றச்சாட்டை உடைக்க வானியல்கூட வேண்டாம், நாட்காட்டியே போதும். படித்த குடும்பங்களில் கிரகணத்தின் இடத்தை இப்போது 'ஜீன்' பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் வீட்டு ரத்தத்தில் இருக்கிறது என்பது அதன் புதிய வடிவம். ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு உதடு பிளந்தும் மற்றவருக்குப் பிளவாமலும் இருப்பதுண்டு என்ற உண்மை அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது தலையெழுத்துக் கட்டுரைதான். பழைய பழிக்கு அது அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது.

*

செல் அடையும் முடிவைக் குறிக்க ஆங்கிலத்தில் ஊழைக் குறிக்கும் சொல் வழங்குவது உண்மை. அங்கே அது தேய்ந்து வெறும் கலைச்சொல்லாகிவிட்டது. தமிழில் 'செல்லின் விதி' என்று எழுதும்போது சிலம்பும் ஊழும் முன்வினையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மொழிபெயர்ப்பவர் இதை உணர வேண்டாமா?

விதி என்ற சொல்லை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் அதற்குத் தமிழில் இன்னொரு பொருள் இருக்கிறது. புணர்ச்சி விதி என்கிறோமே, அந்த விதி. மரம் என்ற நிலைமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் வந்தால் மரவேர். கிளை வந்தால் மரக்கிளை. இரண்டாம் வேற்றுமை உருபு வந்தால் மரத்தை. ஈற்று மகரம் என்ன ஆகும் என்பதை மகரத்தை மட்டும் உற்றுப்பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. வருமொழி யாரென்று தெரிந்தாக வேண்டும். விதி முன்பே உண்டு. விளைவு அண்டை வந்தபின்தான். ஷ்பேமானும் தார்கோவ்ஸ்கியும் கண்டது இதைத்தான். உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்: மரக்கிளையைப் பிரித்தால் மரம் பழையபடி மரமாகிவிடும், காலம் கடந்த செல் அவ்வளவு எளிதில் திரும்பாது. செல்லுக்கு நினைவு உண்டு.

ஆகவே நம் கோரிக்கை எளியது. செல்லின் தலையெழுத்து, செல்லின் ஊழ் என்று எழுதுவதை நிறுத்துங்கள். செல்லின் போக்கு என்று எழுதுங்கள். மாறக்கூடிய நிலையைச் சாய்வு என்றும், மாறாத நிலையை உறுதிப்பாடு என்றும் பிரித்து எழுதுங்கள். இதைவிட நல்ல சொற்கள் இருந்தால் கொண்டுவாருங்கள், ஏற்கிறோம். சொற்கள் இரண்டாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஈழத்துப் பாடநூல்களில் கருவுக்கு முளையம் என்று பெயர். அழகான சொல். எனவே பழமொழிக்காரரிடம் அந்தச் சொல்லைக் கொண்டே கேட்கிறோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறீர்களே, அது எத்தனையாம் நாள் முளை? எந்த இடத்தில் முளைத்தது? அதன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டுப் பிறகு பயிரைப் பற்றிப் பேசுங்கள்.